முன்கடைவாய்ப் பல்லில் பிராக்கெட் ஒட்டக் கற்ற கதை

பல் சீரமைப்பு முதுநிலைப் படிப்பின் முதல் ஆண்டில், பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்திக்குப் பிராக்கெட்டுகளை, அதாவது கம்பியைத் தாங்கும் சிறு பிடிகளை, நேரடியாகப் பல்லில் ஒட்டினேன். மேல் இடது இரண்டாம் முன்கடைவாய்ப் பல் வரும்போது கன்னத்தை விலக்கி, முன்னாலிருந்தே எட்டிப் பார்த்தேன். நடுவில் இருப்பதாகத்தான் தெரிந்தது. பசையை இறுக்கும் விளக்கைக் காட்டி இறுக வைத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் கேட்டாள்: "டாக்டர், கிளிப் போட்ட பிறகுதானே இந்தப் பல் திரும்பியிருக்கிறது?" ஆமாம். கண்ணாடியை வைத்து மெல்லும் பரப்பின் பக்கமிருந்து பார்த்தேன். பிராக்கெட் முன்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தது. பல் எப்படிச் சாய்ந்து நிற்க வேண்டும் என்பது பிராக்கெட்டின் பள்ளத்திலேயே வடிக்கப்பட்டிருக்கிறது. இடம் பிசகினால் கம்பி அந்தப் பிசகையும் பல்லில் கொண்டுவந்துவிடும். அவள் தாயிடம் தவறு என்னுடையது என்று சொல்லி, கழற்றி மறுபடி ஒட்டினேன். சிகிச்சை இரண்டு மாதம் நீண்டது.

அடுத்த நோயாளிக்கு மறைமுக முறையைக் கேட்டு வாங்கிச் செய்தேன். 1972இல் சில்வர்மேனும் கோஹனும் அறிமுகப்படுத்திய வழி. நோயாளியின் பற்களைப் போலவே வார்த்த பிளாஸ்டர் மாதிரியில் பல்லின் நீள அச்சைப் பென்சிலால் கோடிட்டு, கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒட்டலாம். எச்சில் இல்லை, நாக்கு இல்லை, அவசரமும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, பற்களின் மேல் உறைபோலப் பொருந்தும், ஒளி ஊடுருவும் சிலிக்கோன் டிரேயில் வாய்க்கு மாற்ற வேண்டும்.

ஆனால் பார்த்துப் பார்த்து வைத்த இடம், மாற்றும்போதுதான் கைநழுவும். வெறும் டிரேயைப் பொருத்திப் பார்த்தபோது அது கடைவாயில் ஆடியது. மாதிரி வார்க்கையில் காற்றுக்குமிழால் விழுந்த சிறு குழி, சிலிக்கோனில் மேடாகியிருந்தது. அப்படியே அழுத்தியிருந்தால் அத்தனை பிராக்கெட்டும் கடிக்கும் விளிம்பை நோக்கி இறங்கியிருக்கும். மேட்டைச் சீவிய பிறகு டிரே அமர்ந்தது. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 30 விநாடி, கழுவி உலர்த்தியதும் எனாமல் சுண்ணாம்பு வெள்ளையானது. ஒட்டும் பசையான ரெசினைத் தடவி டிரேயை ஏற்றி, ஒவ்வொரு பல்லுக்கும் 20 விநாடி ஒளி.

டிரேயை உரித்தபோது வலது முதல் முன்கடைவாயின் பிராக்கெட் மட்டும் கூடவே வந்துவிட்டது. அதை நேரடியாக ஒட்டினேன். அளவுகோலால் முனையிலிருந்து உயரம் பார்த்தேன். கண்ணாடியை மெல்லும் பரப்பின் பக்கமிருந்து இரண்டு முறை காட்டிப் பார்த்தேன். அதன் பிறகே விளக்கை எடுத்தேன்.