சோழவரத்து ஃபியட்டும் பாம்பன் உப்பும்

சென்னைக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த கார் பந்தயங்களில் சீறிய வண்டிகளில் ஃபியட் 1100-ம் உண்டு. 1,089 சிசி எஞ்சின், சின்ன உடம்பு.

அதே வண்டியை மண்டபம், பாம்பன் பக்கம் வைத்திருந்தால் உப்பு தின்றுவிடும். முதலில் போவது கதவுக்குக் கீழுள்ள சட்டம். அங்கே தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கடற்கரை மணல் அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய ஈரம் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். மாதம் ஒருமுறை கம்பியால் குத்திவிட்டு, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் கழுவாமலே விடலாம்.

துருவின் மேல் பட்டி பூசுவது வெறும் ஏமாற்று வேலை. அழுகிய தகட்டை வெட்டி, புதுத்தகடு பற்றவைத்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்த பிறகே பெயின்ட்.

காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடித்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி ஈரத்தைத் துடையுங்கள். அதனுள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயின்ட்டைத் தேய்த்து, இடைவெளியை 0.45 மி.மீ. அளவில் வையுங்கள்.

அறுபதுகளின் பந்தய கார்களில் வந்த மெக்னீசியம் சக்கரம் கையில் கிடைத்தால்? இந்தக் கரையில் வைக்கவே வேண்டாம். வெள்ளைப் பொடியாக உதிரும், மதுரைக்கு அனுப்பிவிடுங்கள்.