அணி போன பிறகு கியூபெக் நகரம் யாரை ஆதரித்தது?

கனடாவின் கியூபெக் நகரத்தின் நோர்டீக் ஐஸ் ஹாக்கி அணி 1995-இல் விற்கப்பட்டு அமெரிக்காவின் டென்வருக்குக் குடிபெயர்ந்தபோது, அதன் ரசிகர்கள் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மொன்றியல் கனடியன்ஸ் அணியின் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஒரே மாகாணம், ஒரே பிரெஞ்சு மொழி. ஆனால் அந்நகரத்தவர் ஒருவரோடு மொன்றியலில் நெடுநாள் வேலை செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்களில் பலருக்கு அதைவிடக் கசப்பான வழி வேறொன்று இருக்கவில்லை.

இரண்டு அணிகளுக்குப் பின்னாலும் இரண்டு பியர் நிறுவனங்கள் இருந்தன; கனடியன்ஸ் மோல்சனுடையது, நோர்டீக் ஓகீஃப் நிறுவனத்துடையது. 1984-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று நடந்த, பருவ இறுதியின் வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃப் ஆட்டத்தில் இரு அணி வீரர்களும் கூட்டமாக மோதிக்கொள்ள, விதிமீறலுக்காக வீரர்கள்மேல் விதிக்கப்படும் தண்டனை நிமிடங்கள் மொத்தம் 250-ஐத் தாண்டின. மொன்றியல் 5-3 என வென்று தொடரையும் கைப்பற்றியது. என் சக பணியாளர் இன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். கனடியன்ஸ் ஆடும் இரவுகளில் எதிரே எந்த அணி ஆடினாலும் அதுதான் அவருடைய அணி.

டென்வருக்குப் போன அணியையே தொடர்ந்தவர்களின் நிலைதான் என்னை மிகவும் வருத்துகிறது. அவலாஞ்ச் என்று பெயர் மாறிய அந்த அணியில் நோர்டீக்கின் நட்சத்திர வீரர்களான ஜோ சாக்கிக்கும் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்கும் அப்படியே இருந்தார்கள். தோல்வி மேல் தோல்வியாகக் கழிந்த ஆண்டுகளில் கியூபெக் நகரம் பொறுமையோடு வளர்த்தெடுத்த அணி அது. அந்த 1995 டிசம்பரில், டெட்ராய்ட்டிடம் 11-1 எனத் தோற்ற சில நாள்களில், மொன்றியல் தன் கோல் காப்பாளர் பாட்ரிக் ருவாவை அவலாஞ்சுக்குக் கொடுத்துவிட்டது. ருவா பிறந்த ஊர் கியூபெக் நகரம். புதிய ஊரில் ஆடிய முதல் பருவத்திலேயே, 1996 ஜூனில், அந்த அணி, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது; இறுதித் தொடரின் கடைசி ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம்வரை நீண்டு 1-0 என முடிந்தது. அணி ஊரிலேயே இருந்திருந்தால் மொன்றியல் ருவாவைத் தன் பரம எதிரிக்குக் கொடுத்திருக்குமா என்ற கேள்விக்கு, நிச்சயமாகக் கொடுத்திருக்காது என்பதே என் கருத்து. ஆகவே அந்தக் கோப்பையைத் தமதென்று கொண்டாடவும் முடியாமல், அன்னியமென்று தள்ளவும் முடியாமல் தவித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1995-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பலர் கனடியன்ஸ் ரசிகர்களாகவே வளர்ந்தார்கள். அது இயல்புதான், நோர்டீக்கின் நீலச் சட்டை அவர்களுக்குப் பெற்றோரின் பழைய உடை மட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்தது, 1997 முதல் ஊரிலிருக்கும் ரெம்பார் என்ற இளையோர் அணியிடம் போனவர்களின் தேர்வு. நோர்டீக் ஆடிய பெரிய லீக்கான என்எச்எல் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டு 2015-இல் திறக்கப்பட்ட அரங்கத்தில் இப்போது ஆடுவது அந்த அணிதான். கனடாவின் இளையோர் பட்டமான மெமோரியல் கோப்பையை அது 2006-இலும் 2023-இலும் வென்றபோது, இரண்டு முறையும் பயிற்சியாளராக நின்றவர் அதே பாட்ரிக் ருவா.