160 ஏக்கர் காதல்

அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தைக் களமாகக் கொண்ட வரலாற்றுக் காதல் புதினங்களைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருகிறேன். பெரும்பாலானவற்றின் கதை ஏறக்குறைய ஒன்றுதான். நாளிதழ் விளம்பரத்தை நம்பி, முன்பின் பார்த்திராத பண்ணைக்காரரைத் தேடி ரயிலேறுகிறாள் ஒருத்தி. அவரோ மனைவியைப் பறிகொடுத்தவர், வாய் திறந்து பேசாதவர். ஊர் வாய்க்கு அஞ்சி பேருக்கு ஒரு திருமணம் நடக்கிறது. பிறகு ஒரு பனிப்புயல், ஓர் இரவு, காதல். கல்யாணத்துக்குப் பின் காதல் என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல என்பதால் இந்தக் கதைப்போக்கில் எனக்குக் குறையொன்றும் இல்லை. என் மனத்தாங்கல் வேறு. அந்தப் புதினங்களில் நிலம், நாடகமேடையின் பின்திரையைப் போல, மலையும் அந்தியுமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அந்த மண்ணில் யார் யாரை எப்போது மணந்தார்கள் என்பதில் நிலச் சட்டத்துக்குப் பெரிய பங்கு இருந்தது.

அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள ஓரிகனை எடுத்துக்கொள்வோம். 1850 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய நில நன்கொடைச் சட்டம், அவ்வாண்டு டிசம்பர் 1க்குள் அங்கே குடியேறியிருந்த மணமாகாத ஆணுக்கு 320 ஏக்கரும், மணமானவருக்கு 640 ஏக்கரும் தந்தது. அந்த 640இல் சரிபாதி மனைவியின் சொந்தப் பெயரில் பதிவாகும். மணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்குள் அடங்கியதாகவே பெரும்பாலும் கருதப்பட்ட காலத்தில் இது சாதாரணமான ஏற்பாடு அல்ல. மணமாகாதவர்களுக்கு ஓராண்டு அவகாசமும் இருந்தது: 1851 டிசம்பர் 1க்குள் திருமணம் முடித்துவிட்டால் அவர்களும் முழு 640 ஏக்கருக்கு உரியவர்கள். பிறகு நடந்ததை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. பெண்கள் மிகக் குறைவாக இருந்த பகுதியில் 320 ஏக்கர் மனைவியின் வடிவில் வரும் என்றால், 13, 14 வயதுச் சிறுமிகளின் வீட்டு வாசலிலும் மாப்பிள்ளைகள் வந்து நின்றார்கள்; அத்தகைய மணங்கள் நடந்ததற்குப் பதிவுகள் உள்ளன. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளோடு செல்லத்தக்க உடன்படிக்கை எதுவும் முடிவாகும் முன்பே அவர்களுடைய நிலம் இப்படிப் பங்கு போடப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்தால், 'புதிய மண்ணில் மலர்ந்த காதல்' என்று பின்னட்டையில் அச்சிடுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வர வேண்டும்.

எல்லாக் கதைகளும் அவ்வளவு கசப்பானவை அல்ல. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், 160 ஏக்கரில் ஐந்தாண்டு குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்பவருக்கு அந்த நிலத்தைச் சொற்பக் கட்டணத்தில் பட்டா போட்டுத் தந்தது. நம் கணக்கில் அது சுமார் 120 காணி. சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்று, நெப்ராஸ்காவின் பிரவுன்வில் நில அலுவலகத்தில் முதல் ஆட்களில் ஒருவராக மனுக் கொடுத்தவர் டேனியல் ஃப்ரீமன். அவருடைய சகோதரர் ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துபோக, ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஆக்னஸ் சூட்டர் அயோவாவில் தனித்திருந்தார். டேனியலுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கி, திருமணக் கோரிக்கையும் தபாலிலேயே போய், 1865இல் மணம் முடிந்தது. இறந்தவனுக்காக எழுதத் தொடங்கிய ஆறுதல் கடிதம், எந்த வரியில் வேறு கடிதமாக மாறியிருக்கும்? ஒரு முழுப் புதினத்துக்கு அந்த ஒரு வரி போதும். பியாட்ரிஸ் ஊருக்கு அருகில் இருந்த அவர்களுடைய நிலம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. அந்த வட்டாரத்துக்கு முன்னரே உரியவர்களான ஓட்டோ-மிசௌரியா பூர்வகுடி மக்கள் 1854 உடன்படிக்கையால், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட பிக் புளூ ஆற்றங்கரைக் காப்பிடத்துக்குள் ஒடுங்கி, 1881இல் அதையும் விட்டு இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது.

ஹோம்ஸ்டெட் சட்டத்தில் காதல் கதை எழுதுபவர் கவனிக்க வேண்டிய ஒரு முடிச்சு உண்டு. ஓரிகன் சட்டம் திருமணத்துக்கு ஆசை காட்டியது என்றால், இது பெண்ணுக்கு மட்டும் நேர்மாறாக வேலை செய்தது. 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணும், கணவனை இழந்தவளும், கைவிடப்பட்டவளும் தம் பெயரில் நிலம் கேட்கலாம். கணவனோடு வாழும் மனைவி கேட்க முடியாது. ஆகவே மனுக் கொடுப்பது முதலிலா, மணம் முடிப்பது முதலிலா என்ற வரிசையில் 160 ஏக்கர் அடங்கியிருந்தது.

இந்த வரிசையை நன்றாகப் புரிந்துகொண்டவர் எலினோர் புரூயிட். டென்வர் நகரில் சலவையும் வீட்டு வேலையும் செய்து சிறு மகளை வளர்த்துவந்த அவர், வீட்டைக் கவனித்துக்கொள்ள ஆள் தேவை என்ற விளம்பரம் ஒன்றைக் கண்டு, 1909இல் வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க்கில் இருந்த கிளைடு ஸ்டூவர்ட் என்பவரின் பண்ணைக்கு வேலைக்குப் போனார். அந்த மே மாதமே பண்ணையை ஒட்டிய நிலத்துக்குத் தம் பெயரில் மனுக் கொடுத்தார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் கிளைடையே மணந்துகொண்டார். எலினோரின் வீட்டுப் பகுதி அவர் நிலத்தில், ஆனால் கிளைடின் வீட்டோடு ஒட்டியே எழுந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு பேரின் உறவுக்கும் அரசாங்கத்தின் குடியிருப்பு விதிக்கும் ஒரே சுவரில் பதில் சொல்லப் பார்த்திருக்கிறார்கள்.

டென்வரில் தம் முதலாளியாக இருந்த அம்மையாருக்கு எலினோர் எழுதிய கடிதங்கள் 1914இல் நூலாக வந்து புகழ் பெற்றன. நகரத்தில் துணி வெளுத்துத் தேய்கிற பெண்கள் எல்லாம் மேற்கே வந்து நிலம் எடுக்கலாம், ஒரு பெண் தனியாகவே பண்ணை நடத்தலாம் என்று உற்சாகம் பொங்க எழுதியவர், தமக்குத் திருமணமாகிவிட்டதை உடனே சொல்லவில்லை. பின்னர் சொன்னபோது, மணநாளின் பரபரப்பில் பழைய செருப்பையும் சமையல் மேலங்கியையும் கழற்ற மறந்து அப்படியே நின்றதைச் சிரிக்கச் சிரிக்க வர்ணித்தார். சொல்லாமல் விட்டதும் உண்டு. கணவனும் மனைவியும் வெவ்வேறு நிலங்களில் தனித்தனிக் குடியிருப்புக் காட்ட முடியாது என்ற சிக்கல் துரத்த, 1912இல் எலினோர் தம் உரிமையை எழுதிக் கொடுத்துவிட, அதே நிலத்துக்கு மாமியார் மனுக் கொடுத்தார். நிலம் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. எலினோர் பெயருக்குத்தான் வரவில்லை. அதன் பிறகு எழுதிய கடிதங்களிலும் 'ஒரு பெண்ணால் முடியும்' என்ற குரல் சற்றும் தாழவில்லை.

இதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உழைத்தது அவர், புல் அறுத்தது அவர், பட்டா மட்டும் வேறு பெயரில். கணவர் மேல் அவருக்கு அன்பு இருந்தது என்பது அந்தக் கடிதங்களைப் படிக்கும் யாருக்கும் தெரியும். ஆனால் அந்த அன்புக்கு அவர் கொடுத்த விலை இத்தனை ஏக்கர் என்று கணக்கிட்டுச் சொல்லக்கூடியதாக இருந்தது. பனிப்புயல் இரவைவிட இது கூர்மையான காதல் காட்சி என்று நான் நினைக்கிறேன்.

நானும் ஒரு குறும்புதினம் தொடங்கியிருக்கிறேன்; எலினோரின் கதை அல்ல, அவரைப் போன்ற கற்பனைப் பெண் ஒருத்தியின் கதை. விளம்பரமும் ரயிலும் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. உச்சக் காட்சி நில அலுவலகத்தில்: மேசைமேல் துறப்புப் படிவம், பக்கத்தில் தன் மனுவோடு காத்திருக்கும் மாமியார், கையில் மைப்பேனாவோடு அவள். அந்த நேரத்தில் கணவன் அறைக்குள் நிற்கிறானா, வெளியே குதிரை வண்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானா என்பதைத்தான் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.