ஸ்டீயரிங்கை ஒடித்தால் வந்த ஊளைச் சத்தம்

என் கார் 2006 மாடல் டீசல். எஞ்சின் பெல்ட்டில் பம்ப் ஓடி, ஆயில் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை லேசாக்கும் பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். மார்கழியில் ஒரு நாள் காலை வாசலில் வண்டியைத் திருப்பும்போது 'ஊஊ' என்று இழுவையாக ஒரு சத்தம் கேட்டது. நேராகப் போனால் இல்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஏறுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் ஏறுகிறது. பத்து நிமிடம் ஓடி சூடானதும் அடங்கிவிடும்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து கேட்டுவிட்டு, "பம்ப் போயிருச்சுங்ணா, மாத்திரலாம்" என்றார்கள். இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். பம்ப் தேய்ந்திருந்தால் சூடானதும் சத்தம் குறையுமா என்ற சந்தேகம் எனக்கு.

முதலில் சுலபமானவை. முன் டயர்களில் 32 இருக்க வேண்டிய காற்று 24 இருந்தது. நிரப்பியதும் ஸ்டீயரிங் லேசானது, சத்தம் மட்டும் போகவில்லை. பெல்ட் வழுக்கினால் கீச்சென்று கத்தும், இது அந்த ரகமில்லை. அழுத்திப் பார்த்தேன், டென்ஷன் சரியாகவே இருந்தது.

அப்புறம் பவர் ஸ்டீயரிங்கின் ஆயில் டப்பாவைத் திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கருத்துப்போயிருந்தது. மகனை உட்காரவைத்து, எஞ்சின் ஓடும்போதே இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொன்னேன். டப்பாவுக்குள் ஆற்றிய டீ மாதிரி பொடி நுரை. எஞ்சினை அணைத்ததும், யாரும் ஊற்றாமலே ஆயில் மட்டம் ஒரு விரல் அளவு மேலே ஏறியது. அந்த ஒரு விரல்தான் எனக்கு விடை. ஆயில் அழுத்தத்தில் சுருங்காது, காற்று சுருங்கும். எஞ்சின் நின்றதும் உள்ளே அமுங்கிக் கிடந்த காற்று விரிந்து ஆயிலை மேலே தள்ளுகிறது. பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து மெல்லுவதால்தான் ஊளை.

காற்று எங்கிருந்து வருகிறது? பம்ப்புக்கு அப்புறம் உள்ள ஓஸில், முழுசாக ஒடிக்கும்போது 70, 80 பார் வரை அழுத்தம் இருக்கும். டயரில் நிரப்பும் அந்த 32 பி.எஸ்.ஐ. என்பதே சுமார் 2 பார்தான். அங்கே ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே பீய்ச்சும், காற்று உள்ளே வராது. டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் பக்கம் மட்டும்தான் உறிஞ்சும் பக்கம். அங்கே கசிவு இருந்தாலும் தரையில் சொட்டாது, காற்றை இழுத்துக்கொள்ளும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது உறிஞ்சல் இல்லை, அப்போது அந்தக் கசிவில் ஆயில் லேசாக வெளியே ஊறும். அதனால் அந்தப் பகுதியைத் துணியால் நன்றாகத் துடைத்து, முகப் பவுடரைத் தூவி, இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஓஸ் குழாய் பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் அரை வட்டமாகப் பவுடர் நனைந்து ஒட்டியிருந்தது. அந்தக் குழாயைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். கழற்றினேன். உள்ளே கசிவைத் தடுக்க இருந்த ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் தடம்கூட விழாத அளவுக்கு இறுகியிருந்தது. வளைத்ததும் ஒடிந்தது.

அதையே கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில், ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் வாங்கினேன். 20 ரூபாய். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

கையோடு ஆயிலையும் மாற்றினேன். எந்த ஆயில் என்று டப்பா மூடியிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். என்னுடையதற்கு டெக்ஸ்ரான் 3. சில வண்டிகளுக்கு வேறு ஆயில், கலக்கக் கூடாது. அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. டப்பாவுக்குத் திரும்பி வரும் ஓஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்க கருப்பு ஆயில் வந்தது. டப்பா காலியாகாமல் புதுசை ஊற்றிக்கொண்டே இருந்தேன். சிவப்பாக வருவதற்கு ஒரு லிட்டர் ஆனது. ஓஸை மாட்டிய பிறகு, அதேபோல எஞ்சின் ஓடாமல் மெதுவாக 20 முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். ஒவ்வொரு முறையும் குமிழிகள் மேலே வந்து உடைந்தன. அவை நின்ற பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன்.

சத்தம் இல்லை. மறுநாள் காலைக் குளிரிலும் இல்லை.

அடுத்த வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினேன். எங்கேயும் கடைசி வரை ஒடித்து ஐந்து விநாடிக்கு மேல் பிடித்துவைக்கவில்லை, அப்படிப் பிடித்தால் ஆயில் சூடேறும். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஆயில் மட்டம் போட்ட குறியிலேயே நின்றது, நுரை இல்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்கின் இடது முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையை (ராக் பூட்) தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கிறது. வெளியே பட்ட பழைய ஆயிலா, உள்ளே ராக் சீல் கசிகிறதா என்று அதன் கிளாம்ப்பைக் கழற்றினால்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.