வீடியோ காலில் பொய்யைத் தேடப் போகிறவர்களுக்கு

உளவியல் முதுகலை ஆய்வேட்டுக்கு, வீடியோ காலில் பொய் சொல்பவர்களின் முகபாவம் என்று தலைப்பு எடுத்தேன். முதல் இரண்டு மாத உழைப்பு வீண். பதிவுகளை ஓடவிட்டு, யார் முகம் சந்தேகமாகத் தோன்றியதோ அவர் பெயருக்கு எதிரே ‘பொய்’ என்று குறித்துக்கொண்டிருந்தேன். யார் உண்மையில் பொய் சொன்னார் என்பதே எனக்குத் தெரியாது!

நீங்கள் அங்கிருந்து தொடங்காதீர்கள். யாரைப் பொய் சொல்ல வைப்பது என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். முகத்தைக் குறியிடுபவருக்கு அந்தப் பட்டியல் கண்ணில் படக்கூடாது.

குறியிட, உளவியலாளர்கள் எக்மனும் ஃப்ரீசனும் 1978இல் வெளியிட்ட ஃபேக்ஸ் (FACS) முறையைப் படியுங்கள். முகத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் எண் தரும் முறை இது. கன்னம் உயர்ந்தால் 6, உதட்டோரம் மேலே இழுபட்டால் 12. ‘சிரித்தார்’, ‘மழுப்பினார்’ என்றெல்லாம் எழுத வராது, எண் மட்டும்தான். பொறுமை வேண்டும். ஒரு நிமிடப் பதிவுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது வீடியோவில் நொடிக்கு எத்தனை படங்கள் பதிவாகின்றன என்பது. இதில்தான் நான் நன்றாக அடிபட்டேன். முகத்தில் கணநேரம் தோன்றி மறையும் நுண்பாவங்களில் மிகக் குறுகியவை நொடியில் 25இல் ஒரு பங்கு, அதாவது 40 மில்லிநொடியில் மறைந்துவிடும் என்பார்கள். இணையம் மந்தமாகி நொடிக்கு 15 ஃபிரேம் என்று இறங்கினால், இரண்டு ஃபிரேமுக்கு நடுவே 67 மில்லிநொடி இடைவெளி. பாவம் வந்து போனதே பதிவாகாமல் போகலாம். அதனால் அழைப்பைப் பதிவு செய்வதை நம்பாமல், பங்கேற்பவரின் பக்கத்திலேயே தனி கேமரா வையுங்கள்.

பார்வையும் ஏமாற்றும். கேமரா திரைக்கு மேலே இருப்பதால், எதிராளியின் முகத்தைப் பார்ப்பவர்கூடக் கண்ணைத் தாழ்த்துவதுபோலத் தெரிவார். நான் அதைப் ‘பார்வை தவிர்ப்பு’ என்று பக்கம் பக்கமாகக் குறித்திருந்தேன். என் பதிவைப் போட்டுப் பார்த்தால் நானும் அப்படித்தான். பதிலுக்கு முன் வரும் தயக்கமும் பாதி நேரம் இணையத் தாமதம்தான்.

அப்புறம், பெரிய முடிவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாண்டும் டிபாலோவும் 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். என் முடிவும் அந்தப் பக்கம்தான் வந்தது.

வாய்மொழித் தேர்வில் அதைக் குறையாக யாரும் சொல்லவில்லை. துருவித் துருவிக் கேட்டதெல்லாம் ஃபிரேம் ரேட் பற்றித்தான்.