பின்பலகையில் ஓர் இடம் தேடி நான்கு ஞாயிறுகள்: டிரான்ஸ்டியூசர் பொருத்திய அனுபவம்

பினாங்கின் பத்து மாவுங்கில் கட்டிவைத்திருக்கும் எங்கள் 16 அடி ஃபைபர் படகுக்கு, ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஒரு பிஷ் ஃபைண்டர் வேண்டும் என்று மச்சானும் நானும் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவழியாக 5 அங்குலத் திரை உள்ள ஒன்றை வாங்கிவிட்டோம். திரையை மாட்டியது அரை மணி நேர வேலை. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரை, எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையில் எந்த இடத்தில் வைப்பது என்பதற்குத்தான் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதல் ஞாயிறு கையில் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. மச்சான் எஞ்சினைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் மண்டியிட்டு, படகுக்கு அடியிலிருந்து வெளிவரும் தண்ணீரை மட்டும் பார்த்தேன். ஓர் இடத்தில் கண்ணாடிபோல் வழுவழுவென்று வரும். ஒரு சாண் தள்ளி வெள்ளையாக நுரைத்து வரும். டிரான்ஸ்டியூசருக்கு எமன் அந்த நுரைதான். அது அனுப்பும் ஒலி கடல்நீரில் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போய், தரையில் பட்டுத் திரும்பி வர வேண்டும். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் ஒலி அங்கேயே சிதறிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் அப்போது அதற்குக் கண் தெரியாது.

எங்கள் புரொப்பெல்லர், பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுற்றுவது. வலப்பக்கம் அதன் இறக்கைகள் கீழ்நோக்கி இறங்கும்; இடப்பக்கம் மேலே ஏறி வரும்போது குமிழிகளையும் கூட்டி வரும். அதனால் வலப்பக்கம்தான் நல்லது. எஞ்சின் பிடிப்பவர் உட்காருவதும் வலப்பக்கமே என்பதால், அந்தப் பக்கம் தண்ணீரில் சற்று அழுந்தியே இருக்கும். அதுவும் நமக்கு வசதிதான்.

இரண்டாம் ஞாயிறு, ஒரு மரச்சட்டத்தின் நுனியில் டிரான்ஸ்டியூசரைத் திருகி, சட்டத்தை சி கிளாம்ப் போட்டுப் பின்பலகையில் இறுக்கினோம். இந்த வழியை எல்லாருக்கும் சொல்வேன். ஒரு துளைகூடப் போடாமல் எத்தனை இடம் வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். புரொப்பெல்லரிலிருந்து 25 செ.மீ. தள்ளி வைத்தபோது மெதுவாகப் போகும்வரை ஆழம் சரியாகக் காட்டியது. வேகம் 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) தாண்டியதும் திரை முழுக்கக் கலங்கி, ஆழத்தின் எண் மின்னத் தொடங்கியது. குறைந்தது 38 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்று கையேடு சொல்வதன் பொருள் அப்போதுதான் நன்றாகப் புரிந்தது. 40 செ.மீ.க்கு நகர்த்தினேன், அங்கேயும் சரிவரவில்லை. படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் வரம்பு ஒன்று நேராக அந்த இடத்தில்தான் முடிகிறது. அதன் பின்னால் நுரை ஒரு கோடாக வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, 46 செ.மீ.யில், இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் தெளிந்த தண்ணீர் கிடைத்தது. பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு ஒரு சறுக்கல். பின்பலகையில் துளை போட மனம் வராமல், வெள்ளை பிளாஸ்டிக் நறுக்குப் பலகையைச் சீலன்ட் வைத்து ஒட்டி, அதன்மேல் டிரான்ஸ்டியூசரைத் திருகினேன். இரண்டு நாள் காயவிட்டுத்தான் கடலுக்குப் போனோம். முதல் வேகத்திலேயே பலகை அப்படியே கழன்று வந்தது. நறுக்குப் பலகை பாலிஎத்திலீன். அதில் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. ஒயரைத் தனியாகக் கட்டியிருந்ததால் பொருள் கடலுக்குள் போகவில்லை.

“துளை போடாம முடியாது மாப்ள, போடுறதைச் சரியா போட்டுடுவோம்” என்றார் மச்சான்.

சரி. நீர்மட்டத்துக்கு மேலே போடும் இரண்டே திருகாணியில் பலகையை நிறுத்துவது; டிரான்ஸ்டியூசரின் திருகாணிகள் பலகைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். பிறகு எத்தனை முறை நகர்த்தினாலும் படகில் புதுத் துளை விழாது. இந்த இரண்டு துளைகளுக்குத்தான் அதிகம் பயந்தேன். ஃபைபருக்கு உள்ளே இருப்பது பிளைவுட். துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உளுத்துப்போகும். ஒருநாள் எஞ்சினைத் தாங்க முடியாமல் பின்பலகை ஆடும். அதனால் 10 மி.மீ. துளையாகப் பெரிதாகவே போட்டேன். மேல்பூச்சு விரிசல் விடாதிருக்க, டிரில்லை எதிர்த்திசையில் சுற்றவிட்டு முதலில் பூச்சை மட்டும் தேய்த்து எடுத்தேன். இரண்டு துளைகளையும் கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, ஒருநாள் முழுக்க இறுக விட்டு, அதன் நடுவில் 4 மி.மீ. துளை. இப்போது திருகாணி எபாக்ஸியைத்தான் பிடித்திருக்கிறது, மரத்தைத் தொடவில்லை. தலையைச் சுற்றிக் கடல்நீர் தாங்கும் சீலன்ட். திருகாணி 316 ரக எவர்சில்வர்; உப்புத் தண்ணீரில் மற்றதை நம்ப மாட்டேன்.

ஒயர் மீதம் நிறைய இருந்தது. வெட்டாமல் பெரிய வளையமாகச் சுற்றி உட்காரும் பெட்டிக்குள் வைத்தேன். எஞ்சின் ஒயரோடு சேர்த்து ஓட்டியபோது திரையில் மழைபோல் புள்ளிகள் விழுந்தன. எதிர்ப்பக்கம் மாற்றி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் போட்டதும் நின்றுவிட்டது.

நான்காம் ஞாயிறு நீரேற்றத்தில் கிளம்பி ஜெரெஜாக் தீவுப் பக்கம் ஓட்டினோம். டிரான்ஸ்டியூசரின் அடிப்பாகம் படகின் அடியை விட 3 மி.மீ. மட்டும் கீழே இருந்தது. 14 நாட் வேகத்தில் ஆழம் விட்டுவிட்டு வந்தது. கரைக்கு வந்து அதன் பின்முனையை, தாங்கியில் உள்ள பற்களில் ஒரு பல் அளவு இறக்கினேன். மறுபடி போனோம். 18 நாட் வேகத்திலும் தரை ஒரே கோடாக வந்தது! மச்சான் எஞ்சினைக் குறைக்கவே இல்லை.

அப்புறம் நங்கூரம் போட்டுவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 9 மீட்டர் ஆழம். சேற்றுத் தரை தடித்த, மங்கிய பட்டையாகத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளிக் கெட்டியான இடத்தில் கோடு பளிச்சென்று வந்து, அதற்குக் கீழே இரண்டாவது எதிரொலியும் விழுந்தது. 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எங்கள் கருவியின் ஒலி கூம்பாக விரிந்து இறங்கும் கோணம் 20 பாகை. அந்த ஆழத்தில் தரையில் 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வட்டத்தைத்தான் பார்க்கிறோம், கடல் முழுவதையும் இல்லை. படகு நிற்கும்போது மீன் வளைவாகத் தெரியாது; அடியில் ஒன்று அசையாமல் நின்றால் நீளக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். அப்படி ஒரு கோடு தரைக்கு அரை மீட்டர் மேலே வந்தது. மச்சான் இறாலைக் கோத்து நேராக இறக்கினார். கைமுழம் அளவில் ஒரு கொடுவா.

இனிப் பாக்கி, பாசியும் சிப்பியும் அதன் முகத்தில் ஒட்டாமல் இருக்கப் பூச்சு அடிப்பது. படகுக்கு அடிக்கும் கரைப்பான் கலந்த பெயின்ட் பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்பதால் நீரில் கரைத்த வகையைச் சொல்லிவைத்திருக்கிறேன். அது வரும்வரை வாரம் ஒருமுறை மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும்தான்.