மேரி என்ற பெயர்

அந்த அண்ணன் என்னை மேரி என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் அதுவல்ல. அந்தப் பெயரை அவர் மனதில் பதிய வைத்தது நான்தான்.

மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்களின் நினைவாற்றலை ஆராயும் குழுவில் உளவியலாளராக இருக்கிறேன். ‘குணமாகி வீடு திரும்பினார்’ என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பது என் வேலை. மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தால் அண்ணன் வீடு.

அவருக்கு வந்தது ஹெர்பஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ். உதட்டோரம் கொப்புளம் போடுகிற அதே வைரஸ், அபூர்வமாக மூளைக்குள் போய்விடும். போனால் பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கிற பகுதியைத்தான் தாக்கும். கடல்குதிரை போல வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் ஹிப்போகேம்பஸ் என்று பெயர் பெற்ற உறுப்பு அங்கேதான் இருக்கிறது. இன்று நடந்ததை நாளைக்கு எடுத்து வைப்பதற்கு அது வேண்டும். அந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நினைவு மிஞ்சும். இவருக்கு முதல் சில நாள் சாதாரணக் காய்ச்சல் என்றே போய்விட்டது.

15 சொற்களை 5 முறை வாசித்துக் காட்டினேன். அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது, “எந்தச் சொல்லு?” என்றார். சொற்கள் மட்டுமல்ல, நான் வாசித்ததே அவரிடம் இல்லை.

அதே மனிதர் விடியுமுன் தோட்டத்துக்குப் போவதை டார்ச்சோடு பின்னால் நின்று பார்த்தேன். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்து எடுத்தார். கத்தியை வைத்து ஒரே இழுப்பு. பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது, மரத்தில் காயமே இல்லை. பால் கோடு பிடித்துச் சிரட்டைக்குள் இறங்கியது. கை படித்த வேலைக்கு மூளையில் வேறு இடம். 1985இல் இதே நோய் வந்த பிரிட்டிஷ் இசைக்கலைஞர் கிளைவ் வியரிங்குக்குச் சில விநாடிகளுக்கு மேல் எதுவும் தங்கவில்லை. பியானோவில் உட்கார்ந்தால் மட்டும் வாசித்தார். அண்ணனுக்கும் வெட்டத் தெரியும். நேற்று தோட்டத்தில் எந்தப் பக்கம் வெட்டினோம் என்பதுதான் தெரியாது. ஒரு நாள் விட்டு வெட்ட வேண்டிய மரத்தை மறுநாளும் வெட்டிவிடுவார்.

“மாமி நடிப்புன்னு சொல்லுதாவ, மேடம். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணும்” என்றார் அண்ணனின் மனைவியான அக்கா. வெட்டும் கை இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது வேறென்ன தோன்றும்? இந்தச் சந்தேகம் நோயைவிட அதிகமாகக் குடும்பத்தை அரிக்கிறது.

என் தவறு இரண்டாவது முறை போனபோது நடந்தது. “என் பேர் ஞாபகம் இருக்கா அண்ணா?” என்று கேட்டேன். இல்லை என்றார். “சும்மா, தோணுறதைச் சொல்லுங்க” என்றேன். “மேரி?” என்றார். திருத்தினேன். மூன்றாவது முறை போனபோது தயங்காமல் மேரி என்றார்.

உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் இதைத்தான் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார்கள். நினைவு போனவர்களை ஊகிக்கச் சொல்லாதீர்கள், சரியான விடையை முதலிலேயே கொடுங்கள் என்பது அதன் சாரம். நமக்கென்றால் தப்பாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கும், திருத்தியதும் ஞாபகம் இருக்கும். அவர்களுக்குத் திருத்தியது தங்காது. வாயிலிருந்து வந்த சொல் மட்டும் தடம் போட்டுவிடும். படித்திருந்தும் கேட்டுவிட்டேனே என்று இன்னும் வருத்தம்தான்.

யோசித்தால், நோயாளியைப் பார்க்க வருகிற நம் ஆட்கள் எல்லோரும் இதைத்தானே செய்கிறோம்? “நான் யாருன்னு சொல்லு பாப்போம்!” பாசத்தில் கேட்பதுதான். அதை அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். தினசரி காலண்டரில் ‘இன்று மேல் பக்கம்’, ‘இன்று கீழ்ப் பக்கம்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் சொன்னேன். முதல் வாரம் அண்ணனே ஒரே காலையில் 3 தாளைக் கிழித்துவிட்டார். அதனால் இப்போது கிழிப்பது அக்கா மட்டும்.

போன மாதம் வாசலில் நின்றே என் பெயரைச் சொன்னேன். “வா மேரி” என்றார் அண்ணன். எனக்குப் பின்னாலேயே அவருடைய சித்தப்பா வந்தார். அக்கா அவரை முற்றத்திலேயே நிறுத்தினார்: “ஆளு யாருன்னு நீங்களே சொல்லிட்டு உள்ள போங்க மாமா.”